பீட்டா எப்போ வரும்னு காத்திருக்கீங்களா? அதுக்கப்புறம் எத்தனை நாள் இருக்குன்னு பாருங்க!

'மெடீவல் 2: டோட்டல் வார்' வெளியானது 2006 நவம்பர்ல. மூணாம் பாகம் வருதுன்னு கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் அறிவிச்சது 2025 டிசம்பர்ல. நடுவுல 19 வருஷம். ரெண்டாம் பாகம் வந்தப்போ ஒண்ணாங்கிளாஸ் படிச்சவங்க இப்போ வேலைக்குப் போய்ட்டு இருக்காங்க. 2022-ல அது மொபைலுக்கு வந்த பிறகுதான் முதல்முறையா ஆடினவங்களும் உங்கள்ல இருக்கலாம்.

மூணாம் பாகம் இன்னும் ஆரம்பக் கட்டத்துலதான் இருக்குன்னு நிறுவனமே சொல்லியாச்சு. ஆனா, எந்த ஸ்ட்ராட்டஜி கேமுக்கு சீக்வல் அறிவிச்சாலும் ரசிகர்கள்கிட்ட இருந்து வர்ற முதல் கேள்வி ஒண்ணுதான். "பப்ளிக் பீட்டா எப்போ பாஸ்?"

நியாயமான கேள்விதான். ஆனா, அது பாதிக் கேள்வி. பீட்டா முடிஞ்சு எத்தனை நாள்ல கேம் விற்பனைக்கு வருது? இதுதான் மீதிப் பாதி. நீங்க சொல்ற குறை கேமுக்குள்ள போகுமா, குப்பைக்குப் போகுமான்னு முடிவு பண்றது அந்த இடைவெளிதான்.

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

விருத்தாசலத்துக்காரங்களுக்கு இதைச் சட்டுனு புரியவெச்சிடலாம். கடலூர் மாவட்டத்துல இருக்கிற இந்த ஊர்னாலே விருத்தகிரீஸ்வரர் கோயில், ரயில்வே ஜங்ஷன், அப்புறம் செராமிக். இங்க செராமிக் தொழிற்பேட்டை இருக்கு. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கு. பொம்மை, அகல் விளக்கு, நம்ம வீட்டு ஃப்யூஸ் கேரியர்னு பல பொருள்கள் இங்க தயாராகுது.

பீங்கான் பொம்மை எப்படி உருவாகுது? களிமண் கூழை பிளாஸ்டர் அச்சுல ஊத்துவாங்க. இறுகினதும் வெளியே எடுத்து, அச்சு சேர்ற இடத்துல இருக்கிற கோட்டைக் கத்தியால சீவி, ஈர ஸ்பாஞ்சால துடைப்பாங்க. மூக்கு கோணலா இருந்தா அந்த நேரத்துல சரி பண்ணலாம். மொத்தமா பிடிக்கலையா? தண்ணியில கரைச்சு மறுபடியும் கூழாக்கலாம். சூளைக்குள்ள போய் வந்துட்டா கதை முடிஞ்சது. அதுக்கப்புறம் மேல பளபளப்புப் பூச்சு பூசலாம், வண்ணம் மாத்தலாம். மூக்கை மாத்த முடியாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதுன்னு சும்மாவா சொன்னாங்க?

கேமும் அப்படித்தான். பச்சை மண்ணா இருக்கும்போது உங்களைக் கூப்பிட்டா, நீங்க சொல்றதைக் கேட்டு அதோட வடிவத்தையே மாத்த முடியும். சூளையில இருந்து எடுத்த பிறகு கூப்பிட்டா, நீங்க பார்க்கப்போறது பூச்சு மட்டும்தான். ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான்: பீட்டா.

தேதிகள் என்ன சொல்லுது?

'ஸ்டார்கிராஃப்ட் 2' பீட்டா 2010 பிப்ரவரி 17-ல தொடங்குச்சு. கேம் வெளியானது ஜூலை 27-ல. அஞ்சு மாசத்துக்கு மேல இடைவெளி. 'டோட்டா 2' இன்னும் ஒரு படி மேல. 2011-ல அழைப்பு மூலமா ஆளைச் சேர்த்து பீட்டாவை ஆரம்பிச்ச வால்வ் நிறுவனம், 2013 ஜூலைலதான் அதிகாரபூர்வமா வெளியிட்டுச்சு. ரெண்டு வருஷம் மண்ணு ஈரமாவே இருந்தது.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4' கதை வேற. 2021 ஆகஸ்ட்ல அழைக்கப்பட்டவங்களுக்கு மட்டும் ஒரு க்ளோஸ்டு பீட்டா. செப்டம்பர் 17-ல இருந்து 20 வரைக்கும், யார் வேணும்னாலும் ஆடலாம்னு ஒரு டெஸ்ட். அதுக்கு அவங்க வெச்ச பேரே 'டெக்னிக்கல் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்'. கேம் வெளியானது அக்டோபர் 28. டெஸ்ட் முடிஞ்சதுல இருந்து கணக்குப் பண்ணா 38 நாள். இந்த 38 நாள்ல சர்வர் தாங்குதான்னு பார்க்கலாம், கேம் பாதியில நின்னுபோறதைச் சரி பண்ணலாம். ஆட்டத்தோட அடிப்படையை மாத்த முடியாது. நிறுவனமும் அப்படி ஏமாத்தலை, பேர்லயே உண்மையைச் சொல்லிட்டாங்க. 'பீட்டா'ன்னு நினைச்சுப் போனவங்கதான், "நான் சொன்னது எதையும் மாத்தலையே"ன்னு ஏமாந்திருப்பாங்க.

ஸ்ட்ராட்டஜி கேம்ல மட்டும் ஏன் இவ்வளவு டெஸ்டிங் வேணும்? துப்பாக்கி கேம்ல தப்பு இருந்தா கண்ணுக்குத் தெரியும்: ஆள் சுவருக்குள்ள நுழைஞ்சு போவான். இங்க தப்பு கணக்குல ஒளிஞ்சிருக்கும். ஒரு குதிரைப்படையோட விலை கொஞ்சம் குறைவா இருந்தா, எல்லாரும் அதையே கட்டி பத்தாவது நிமிஷத்துல ஜெயிச்சிடுவாங்க. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4' வெளியானப்போ அதுல 8 நாகரிகங்கள். ஒண்ணுக்கொண்ணு மோதவிட்டாலே 28 ஜோடி வருது. ஒவ்வொரு மேப்லயும் அந்த 28-ஐயும் பார்க்கணும். ஆபீஸுக்குள்ள இருக்கிற சில டஜன் பேரால இதை ஆடித் தீர்க்க முடியாது. ஆயிரக்கணக்கான பேர் வந்தா ஒரே வார இறுதியில ஓட்டையைக் கண்டுபிடிச்சிடுவாங்க. அதனாலதான் உங்க நேரம் அவங்களுக்குக் காசு மாதிரி.

டெஸ்ட் சரியா நடக்கலைன்னா?

'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' ஞாபகம் இருக்கா? நகரத்தைக் கட்டி நிர்வாகம் பண்ற கேம். 2023 அக்டோபர் 24-ல வந்தது. நாங்க நினைச்ச வேகத்தை இன்னும் எட்டலைன்னு வெளியீட்டுக்கு முன்னாடி நிறுவனமே ஒப்புக்கிச்சு. அப்படியும் தேதியை மாத்தலை. நல்ல விலை கொடுத்து வாங்கின கம்ப்யூட்டர்லயும் கேம் திணறுச்சு. காசு கொடுத்து வாங்கினவங்களே டெஸ்டர் ஆனாங்க.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 'சிவிலைசேஷன் 7'. 2025 பிப்ரவரி 11-ல வெளியாச்சு, பொதுமக்களுக்கான பீட்டா இல்லாமலே. அதுல சோழர்கள் இருக்காங்க! கங்கைகொண்ட சோழபுரம் விருத்தாசலத்துக்குப் பக்கத்து மாவட்டமான அரியலூர்லதான் இருக்கு. கடல் கடந்த ராஜேந்திர சோழனோட தலைநகர் நமக்கு ஒரு பஸ் பயணம்தான். அப்படிப்பட்ட ஊர்க்காரர் கேம் வெளியான புதுசுல சோழரா ஆட உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? முதல் காலகட்டத்துல வேற நாகரிகமா தொடங்கணும். நடுவுல வர்ற கடற்பயணக் காலகட்டத்துல சோழர் ஆகலாம். அடுத்த காலகட்டத்துல சோழரை விட்டுட்டு வேற ஆளா மாறணும். வெளியானப்போ கேமோட அடிப்படை விதியே அதுவாத்தான் இருந்தது.

இந்த விதி உலகம் முழுக்க நிறைய பேருக்குப் பிடிக்கலை. திரையில பட்டன்கள், தகவல்கள் அமைஞ்சிருக்கிற விதம் பத்தியும் புகார் குவிஞ்சது. ஸ்டீம்ல விமர்சனங்கள் கலவையாத்தான் வந்தது. 2025 கடைசியில, ஒரே நாகரிகத்தோட ஆட்டம் முழுக்க ஆடுற வசதியை உருவாக்கறோம், ரசிகர்களை வெச்சு சோதிக்கறோம்னு ஃபிராக்ஸிஸ் நிறுவனம் சொல்லிச்சு. நல்ல முடிவு. ஆனா, முழு விலை கொடுத்து வாங்கினவங்க மாசக்கணக்கா புகார் சொன்ன பிறகு வந்த முடிவு. இதே கேள்வியை 2024-ல ஒரு பப்ளிக் பீட்டா வெச்சுக் கேட்டிருந்தா?

அந்த ரூமுக்குள்ள நாம இருக்கோமா?

கம்ப்யூட்டர் கேமை விடுங்க, நம்ம பெரும்பாலானவங்க ஆடறது மொபைல்ல. அங்க நிலைமை இன்னும் சுவாரஸ்யம். 'கிளாஷ் ராயல்' 2016 ஜனவரியில முதல்ல போனது கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபின்லாந்து மாதிரி சில நாடுகளுக்கு. ரெண்டு மாசம் கழிச்சு, மார்ச் 2-லதான் உலகம் முழுக்க. இதை 'சாஃப்ட் லாஞ்ச்'னு சொல்வாங்க.

இந்தச் சின்ன வட்டத்துக்கு எவ்வளவு பவர் தெரியுமா? 'கிளாஷ் ஆஃப் க்ளான்ஸ்' உலகத்தை வெச்சு மூணு புது கேம் பண்றோம்னு சூப்பர்செல் 2021 ஏப்ரல்ல அறிவிச்சுது: 'கிளாஷ் குவெஸ்ட்', 'கிளாஷ் மினி', 'கிளாஷ் ஹீரோஸ்'. மூணுல ஒண்ணுகூட உலகம் முழுக்க வெளியாகலை. அதுல குவெஸ்ட்டும் மினியும் குறிப்பிட்ட சில நாடுகள்ல சோதனைக்கு வந்து, அங்கேயே முடிஞ்சும் போச்சு. நமக்குப் பிடிச்சிருக்குமான்னு யாரும் கேட்கலை. கேட்கிற இடத்துல நாம இல்லை.

ஃபின்லாந்து குளிர்ல, நல்ல நெட்வொர்க்ல ஓடுற கேம், கத்திரி வெயில்ல விருத்தாசலம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிறவரோட பட்ஜெட் போன்ல எப்படி ஓடும்? போன் சூடாகி ஸ்பீடு குறையும். ரயில்ல போறப்போ ரெண்டு ஊருக்கு நடுவுல சிக்னல் போகும். இதெல்லாம் டெஸ்ட்ல வரலைன்னா, அந்தக் குறைகள் அவங்க லிஸ்ட்லயே இருக்காது.

மொழியும் அப்படித்தான். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-வோட மறுபதிப்பு 2019-ல வந்தப்போ அதுல இந்தி இருந்தது, தமிழ் இல்லை. 2022 ஏப்ரல்ல 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' கூடுதல் பாகம் வந்தது. திராவிடர்கள்ங்கிற பேர்ல ஒரு நாகரிகம், உருமி சுழற்றும் வீரர்கள், ராஜேந்திரனோட படையெடுப்புக் கதை எல்லாம் அதுல உண்டு. ராஜேந்திரனே வந்தாச்சு, அவர் மொழி எங்கப்பான்னு கேட்கத் தோணுதா? அதைக் கேட்க வேண்டிய நேரமும் மண்ணு ஈரமா இருக்கும்போதுதான்.

கதவு எது, கன்னக்கோல் எது?

இந்த ஆர்வத்தைத்தான் திருடங்க குறிவைப்பாங்க. 2020-ல மத்திய அரசு தடை பண்ண ஆப்கள்ல 'பப்ஜி' மட்டும் இல்லை, 'கிளாஷ் ஆஃப் கிங்ஸ்', 'ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ்' மாதிரி ஸ்ட்ராட்டஜி கேம்களும் இருந்தது. ஸ்டோர்ல இல்லாததை வெளியே ஏ.பி.கே ஃபைலா தேடி எடுக்கறது பலருக்குப் பழகிப்போச்சு. "பீட்டா லீக் ஆயிடுச்சு, இதோ லிங்க்"னு ஒரு மெசேஜ் வந்தா கை தானா போகும். போக விடாதீங்க. அந்த ஃபைல் உங்க எஸ்.எம்.எஸ்-ஐப் படிக்க அனுமதி வாங்கிட்டா, பேங்க் ஓ.டி.பி-யும் அதோட கைக்குப் போயிடும்.

உண்மையான கதவுகள் சிலதுதான். ஆண்ட்ராய்டுன்னா ப்ளே ஸ்டோர்ல அந்த கேம் பக்கத்துலயே பீட்டாவுல சேர்ற பட்டன் இருக்கும். ஐபோன்னா ஆப்பிளோட 'டெஸ்ட்ஃப்ளைட்' ஆப். கம்ப்யூட்டர்னா ஸ்டீம்ல 'ப்ளேடெஸ்ட்' அனுமதி கேட்கிற பட்டன், இல்லைன்னா நிறுவனத்தோட சொந்த இணையதளம். இது எதுவும் காசு கேட்காது. பீட்டா சாவி தர்றேன்னு யாராவது ஜி-பே பண்ணச் சொன்னா, அது மோசடி. பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க.

இன்னொரு விஷயம், இது சட்டப்படியே நடக்கறது. "முன்பணம் கட்டி புக் பண்ணா பீட்டா இலவசம்"னு சில நிறுவனங்களே சொல்லும். டெஸ்ட் பண்ணிக் கொடுக்கறது நாம, காசும் நாமதான் கொடுக்கணுமா? பீட்டாவை ஆடிப் பார்த்துட்டு வாங்கலாமா வேணாமான்னு முடிவெடுக்கற உரிமையை முன்கூட்டியே வித்துடாதீங்க.

உள்ள போயிட்டா என்ன பண்ணணும்?

"கேம் மொக்கை"ன்னு எழுதினா யாருக்கும் பிரயோஜனமில்லை. எந்த போன், எவ்வளவு ரேம், எந்த நெட்வொர்க், என்ன பண்ணீங்க, என்ன நடக்கும்னு நினைச்சீங்க, என்ன நடந்தது, மறுபடி அதையே செஞ்சா மறுபடியும் நடக்குதா? இந்த ஏழும் இருந்தா அது ரிப்போர்ட். முடிஞ்சா ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஒண்ணு சேருங்க. ப்ளே ஸ்டோர் பீட்டாவுல நீங்க எழுதற கருத்து பொதுவுல தெரியாது, நேரா தயாரிச்சவங்களுக்குத்தான் போகும். அதனால கூச்சமே வேண்டாம். அதே மாதிரி, க்ளோஸ்டு பீட்டாவுல ரகசியம் காக்கணும்னு ஒப்பந்தம் இருந்தா வீடியோவைப் போட்டு மாட்டிக்காதீங்க. நீங்க சேர்த்த தங்கமும் லெவலும் வெளியீட்டு அன்னைக்கு அழிஞ்சிடலாம்ங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க.

அப்புறம் ஒரு கணக்கு. தனிநபரா புதுசா டெவலப்பர் அக்கவுன்ட் தொடங்கறவங்க ப்ளே ஸ்டோர்ல கேம் வெளியிடணும்னா, குறைஞ்சது 12 டெஸ்டர்கள் தொடர்ந்து 14 நாள் பீட்டாவுல இருக்கணும்னு கூகுள் விதி வெச்சிருக்கு. பெரிய நிறுவனத்துக்கு இது ஒண்ணுமே இல்லை. விருத்தாசலத்துலயோ விழுப்புரத்துலயோ வீட்டுல உட்கார்ந்து கேம் பண்ற ஒரு காலேஜ் பையனுக்கோ பொண்ணுக்கோ அந்த 12 பேரைப் பிடிக்கறதே பெரும்பாடு. 'மெடீவல் 3' பீட்டா எப்போன்னு தெரியாது. ஆனா உங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல, உங்களுக்கு நேர்ல தெரிஞ்ச யாராவது "14 நாள் டெஸ்ட் பண்ணித் தர்றீங்களா"ன்னு ப்ளே ஸ்டோர் லிங்க் போட்டா, அதைத் தள்ளிவிட்டுப் போயிடாதீங்க. பச்சை மண்ணு அங்க இருக்கு.