கையெழுத்து இருக்கிறது, கைப்பழக்கம் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. கல்லூரி ஆசிரியர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

போன வாரம் என் மாணவி ஒருத்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி செட். பி.எஸ்சி. உயிர்வேதியியல், வகுப்பில் முதலிடம். வெளிமாநிலத்தில் ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் மைக்ரோபிப்பெட்டைக் கையில் கொடுத்து, 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் எடுத்துத் தராசில் விடச் சொன்னார்களாம். 0.1 கிராம் காட்ட வேண்டும். இவளுக்கு ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே வந்திருக்கிறது.

காரணம் சின்னது. பிப்பெட்டின் குமிழை அழுத்தினால் இரண்டு இடத்தில் தடை தட்டும். உறிஞ்சும்போது முதல் தடை வரைதான் அழுத்த வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது வரை. இவள் உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்தியிருக்கிறாள்.

"மூணு வருஷத்துல அதை நான் தொட்டதே இல்ல சார்" என்றாள்.

அந்த மூன்று வருடமும் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். ஆகவே முதல் குற்றவாளி நான்தான்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஐம்பது பேருக்கு ஒரு பிப்பெட். லேப் அசிஸ்டென்ட் செய்து காட்டுவார். முன்னால் நிற்கிற ஆறு பேர் பார்ப்பார்கள், மற்றவர்கள் செல்போன் பார்ப்பார்கள். இதற்கு 'டெமோ' என்று பெயர். பிறகு சீனியர் நோட்டைப் பார்த்து அளவீடுகளை எழுதிக்கொள்வார்கள். புரத அளவைக் கண்டுபிடிக்க லௌரி முறை என்று ஒன்று உண்டு, 1951இல் வந்தது. அதன் வரைபடத்தில் எங்கள் பிள்ளைகளின் புள்ளிகள் வருடா வருடம் ஒன்றுகூடப் பிசகாமல் நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கும். உண்மையில் செய்திருந்தால் அப்படி உட்காராது. தெரிந்தேதான் டிக் போட்டேன். தேர்வுக்கு வருகிற எக்ஸாமினருக்கும் தெரியும். அவர் கல்லூரியிலும் அதே கதைதான்.

இன்னும் மோசமானதைச் சொல்கிறேன். தானே செய்து, விலகிப் போன புள்ளியை உள்ளபடி எழுதிய பையனுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த முதல் டெக்னிக், டேட்டாவைத் தயாரிப்பது. நாளைக்கு அவன் கையில் ஒரு நோயாளியின் ரத்த மாதிரி இருக்கும். அன்றைக்கு என்ன செய்வான்?

"நிதி இல்லை சார்" என்பார்கள். செமினார் பேனருக்கும் சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் எங்கிருந்து வந்தது நிதி? 2020இல் ஊரே ஆர்டி-பிசிஆர் என்று பேசியது. எங்கள் துறையின் பிசிஆர் மெஷின் அப்போதும் துணி போர்த்தித்தான் இருந்தது. ஆய்வுக் குழு வருகிற அன்றைக்கு மட்டும் துணியை எடுப்போம்.

பெரிய மெஷினே வேண்டாம். தண்ணீரும் தராசும் போதும், பிப்பெட் பழக. பத்து டெஸ்ட் டியூபும் கொஞ்சம் மையும் போதும், படிப்படியாக நீர்க்கச் செய்வது பழக. இரண்டு ஏகார் தட்டு ஊற்றி, ஒன்றைத் திறந்து வையுங்கள், மற்றொன்றைச் சுடருக்குப் பக்கத்தில் வைத்து மூடுங்கள். இரண்டு நாளில் கிருமித் தூய்மை என்றால் என்ன என்று தட்டே பாடம் நடத்தும். அந்த ஏகாரே சமையலறையிலிருந்து வந்ததுதான். ராபர்ட் காக்கின் ஆய்வகத்துக்கு அந்த யோசனையைக் கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி.

நாம் சொல்லிக்கொடுக்காததை இப்போது தனியார் பயிற்சி மையங்கள் விற்கின்றன. பதினைந்து நாள், ஒரு சர்டிஃபிகேட். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பெற்றோரை எனக்குத் தெரியும். அங்கேயும் பாதிப் பேர் நின்று வேடிக்கைதான் பார்க்கிறார்கள்.

நான் கேட்பது மூன்றே. ஒவ்வொரு மாணவரும் தன் கையால் செய்யட்டும். ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுக்கட்டும். தவறாக வந்த முடிவை அப்படியே எழுதி, ஏன் தவறியது என்று சொன்னால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

மாணவர்களே, நீங்களும் டெமோவில் பின்னால் நிற்காதீர்கள். "சார், ஒரு தடவை நான் செய்யறேன்" என்று கேளுங்கள். திட்டினாலும் கேளுங்கள்.

அந்தப் பெண்ணிடம், "தினமும் ஐம்பது தடவை தண்ணி எடுத்து நிறுத்துப் பாரும்மா, அவ்வளவுதான்" என்றேன். நேற்று தராசின் படம் அனுப்பியிருந்தாள். 0.0998.

முதலிடம் வாங்கியபோது அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.