தேள்கொட்டுக்கு மட்டும் கணக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்திரி வெயில் தொடங்குமுன்பே எங்கள் ஊராட்சியில் கோடைக்கால எச்சரிக்கைத் துண்டறிக்கை கொடுத்தார்கள். மோர் குடியுங்கள், குடை பிடியுங்கள், உச்சிவெயிலில் வெளியே போகாதீர்கள் என்று எல்லாம் இருந்தது. தேளைப் பற்றி ஒரு வரி இல்லை. கரடும் மானாவாரி நிலமுமான எங்கள் பக்கத்தில் வெயில் ஏறுகிறது என்றால் தேள் நடமாட்டமும் ஏறுகிறது என்றுதான் பொருள்.

தேளுக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. மார்கழி, தை குளிரில் கல்லிடுக்கில் ஒடுங்கிக் கிடப்பது, பங்குனி பிறந்ததும் ராத்திரியில் இரை தேடிக் கிளம்பிவிடுகிறது. அதே நாட்களில்தான் ஜனங்கள் புழுக்கம் தாங்காமல் திண்ணையிலும் களத்திலும் பாய் விரிக்கிறார்கள். நடுவே கோடை மழை கொட்டி வளைக்குள் தண்ணீர் இறங்கினால் கேட்கவே வேண்டாம். விறகுக்கட்டு, கடலைக்கொடிப் போர், கழற்றிப் போட்ட செருப்பு, எதைத் தொட்டாலும் செந்தேள். எகிப்தின் அஸ்வானில் 2021 நவம்பரில் அடித்த புயல்மழையில் தேள்கள் வீடுகளுக்குள் புகுந்து சுமார் 500 பேரைக் கொட்டின. கோடை நீண்டு, மழையும் திடுமெனக் கொட்டும் காலம் இங்கேயும் வந்துவிட்டது.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழக அரசு. அடுத்த மாதமே, பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பட்டியல் ஏன் பாம்போடு நிற்க வேண்டும்? எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில், எத்தனை பேரைத் தேள் கொட்டியது என்றே தெரியாதவர்கள் மருந்தை எங்கே, எப்போது இருப்பு வைப்பார்கள்?

போன சித்திரையில் எங்கள் பக்கத்துத் தெருப் பையனைத் தேள் கொட்டியது. அரை மணி நேரத்தில் சட்டையைப் பிழியலாம் போல வியர்வை, ஓயாத வாந்தி, கைகால் ஜில்லிட்டுப் போனது. சுகாதார நிலையத்தில் வலிக்கு ஊசி போட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். பிரசோசின் மாத்திரை இருப்பில் இல்லையாம். 108 உடனே வந்ததால் பிழைத்தான்.

இத்தனைக்கும் பிரசோசின் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மலிவான மாத்திரை. செந்தேள் விஷம் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும்போது அதுவே உயிர் காக்கும் என்று மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரிலிருந்து மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1986இலேயே 'லான்செட்' இதழில் எழுதினார். அதோடு தேள் விஷமுறிவு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவில் குணமாகிறது என்று 2011இல் அவருடைய ஆய்வே காட்டியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கொடுத்தாயிற்று. மாத்திரைதான் எங்கள் ஊருக்கு வரவில்லை. மந்திரிக்கப் போகிறவர்களைப் படித்தவர்கள் திட்டுகிறார்கள். மந்திரிப்பவர் நடுராத்திரியிலும் கதவைத் திறக்கிறாரே!

தேள்கொட்டையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். பங்குனிக்கு முன்பே கிராமப்புறச் சுகாதார நிலையங்கள் அனைத்திலும் பிரசோசினும் விஷமுறிவு மருந்தும் இருக்க வேண்டும். அடுத்த கோடைக்கான துண்டறிக்கையில், கொட்டுப்பட்ட குழந்தைக்கு வியர்வையும் வாந்தியும் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள் என்ற ஒரு வரியையாவது அச்சிடுமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்.