குருதிக்கொடையும் மனத்தடையும்

குருதி கொடுக்கத் தயங்குவோரை இரக்கமற்றவர் எனக் கருதுவது எளிது. ஆனால் அது பிழையான கணிப்பு. தந்தைக்கோ தங்கைக்கோ அறுவை மருத்துவம் என்றால் நள்ளிரவிலும் ஓடிவந்து கைநீட்டும் அதே மனிதர்தாம், கல்லூரி வளாகத்தில் குருதிக்கொடை முகாம் நடக்கும் நாளில் வேறு வழியாகச் சென்றுவிடுகிறார். அவரிடம் இல்லாதது அன்பன்று. பெறுபவரின் முகம் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இந்தியாவில் இம்மனநிலையை நடைமுறையும் வளர்த்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, 1998 சனவரி 1 முதல் பணம் பெற்றுக் குருதி கொடுக்கும் வழக்கம் தடைசெய்யப்பட்டது. தேவையான தடைதான். எனினும், நோயாளிக்கு ஏற்றிய குருதிக்கு ஈடாக உறவினர் ஒருவர் கொடுக்க வேண்டும் என்னும் முறை பல மருத்துவமனைகளில் தொடர்கிறது. இதனால், குருதி என்பது குடும்பம் அடைக்க வேண்டிய கடன் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கடன் இல்லாதபோது ஏன் கொடுக்க வேண்டும் என்று மனம் கேட்பதில் வியப்பில்லை. பிறவியிலேயே தலசீமியா நோய் கொண்ட குழந்தைக்கோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டியிருக்கிறது. எத்தனை உறவினர்தாம் அத்தனை முறை முன்வர இயலும்?

ஊசியைப் பற்றிய அச்சம் பலரும் அறிந்தது. அதனினும் ஆழமானது, உடல் வலிமை குன்றிவிடும் என்னும் அச்சம். உடற்கட்டுகள் ஏழனுள் ஒன்றாகச் செந்நீரை எண்ணிய மருத்துவ மரபுடைய நாட்டில் அவ்வச்சம் இயல்பானதே; அறியாமை என்று அதனை எள்ளுவதால் பயனில்லை. உடலில் உள்ள ஏறத்தாழ ஐந்து லிட்டரில் எடுக்கப்படுவது பெரும்பாலும் 350 மில்லிலிட்டர். அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாள்களிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீள்கின்றன என்று பொறுமையுடன் விளக்கினால் பலர் செவிகொடுப்பர்.

பலர் முன்னிலையில் மயங்கி விழுந்துவிடுவோமோ என்னும் கூச்சத்தையோ இளைஞர்கள் வாய்விட்டுச் சொல்வதேயில்லை. முன்னதாக நீர் அருந்துவதும், குருதி எடுக்கும்போது கால் தசைகளை இறுக்கித் தளர்த்துவதும் மயக்கத்தைக் குறைக்கும். இச்சிறு செய்திகளைச் சொல்லாமல், ‘வீரரே வருக’ எனப் பதாகை கட்டுவது அஞ்சுபவரை மேலும் விலக்கவே செய்யும்.

துணிந்து வந்தும் திருப்பி அனுப்பப்படுவோர் உளர். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைந்தால் குருதி எடுப்பதில்லை. இவ்வாறு திரும்புவோருள் பெண்கள் மிகுதி. காரணத்தை விளக்கி, எப்போது மீண்டும் வரலாம் என்று சொல்லாமல் அனுப்பிவிட்டால், அவர்கள் அதனை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கின்றனர்.

சுவீடனில், ஒருவர் கொடுத்த குருதி நோயாளிக்குப் பயன்படும்போது கொடையாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பெயரில்லை, ஊரில்லை; ஆயினும் பெற்றவர் ஒருவர் உண்டு என்பது உறுதியாகிவிடுகிறது. இந்நாட்டுக் குருதி வங்கிகளின் பதிவேடுகளிலும் கொடையாளரின் கைப்பேசி எண் இருக்கத்தான் செய்கிறது. அடுத்த பற்றாக்குறையின்போதுதான் அது பெரும்பாலும் நினைவுக்கு வருகிறது.