மேஸ்திரி இல்லாத கட்டடம்

நம் இதழுக்கு வரும் களக் கட்டுரைகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ‘இராணிக் கறையானின் கட்டளைப்படி’. அதை அடித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறோம். வெறும் சொல் திருத்தம் என்று நண்பர்கள் நினைத்துவிட வேண்டாம். கட்டளையிட ஒருவர் இருப்பதாக எழுதிவிட்டால், புற்று எப்படி எழும்புகிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஆளுயரப் புற்றில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்து பாருங்கள். முதலில் சிப்பாய்கள் தலையை நீட்டும். பிறகு வேலைக்காரக் கறையான்கள் வாயில் ஈர மண் உருண்டையோடு வரும். அவற்றுக்குக் கண் கிடையாது. ஒன்று விளிம்பில் உருண்டையை அப்பிவிட்டுத் திரும்பும். அடுத்தது எங்கே அப்புகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் முந்தைய உருண்டையின் மேலோ, அதை ஒட்டியோதான். நாலைந்து சேர்ந்தால் மேடு. மேடானால் இன்னும் பல அங்கே வந்து சேரும். வைத்த மண்ணே அடுத்த மண்ணை அழைக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் பியர்-பால் கிராஸே 1959-இல் இதற்கு ‘ஸ்டிக்மெர்ஜி’ என்று பெயரிட்டார். உருண்டையில் உள்ள வேதிமணம்தான் அழைக்கிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். இப்போது மண்ணின் ஈரமும் பரப்பின் வளைவும் கணக்கில் வந்துவிட்டன. விவாதம் இன்னும் முடியவில்லை.

புற்று மூச்சுவிடும் விதமும் இப்படித்தான். கூட்டின் சூடே காற்றை மேலே தள்ளுகிறது என்ற மார்ட்டின் லூஷரின் விளக்கம் பாடப்புத்தகங்களில் ஊன்றிவிட்டது. நம் நாட்டு ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் புற்றுகளுக்குள் காற்றோட்டத்தை அளந்து ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, எல். மகாதேவன் மூவரும் 2015-இல் வெளியிட்ட முடிவு வேறு. பகலில் வெளிப்புற மடிப்புகள் நடுப்பகுதியைவிடச் சீக்கிரம் சூடேறுகின்றன. காற்று மடிப்புகளில் ஏறி நடுவில் இறங்குகிறது. இரவில் ஓட்டம் திரும்பிவிடுகிறது. பகலெல்லாம் சேர்ந்த கரியமிலவாயு இரவில் வெளியேறுகிறது. வெயிலும் மண்ணும் செய்யும் இந்த வேலை எந்தக் கறையானுக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இயற்கைத் தேர்வுக்கு இங்கே என்ன வேலை? கட்டளை இல்லாமலே ஒழுங்கு எழும் இந்தத் தன்னொழுங்கமைவை டார்வினுக்கு எதிர்க்கட்சியாக நிறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மரபுவழி இறங்குவது, எவ்வளவு ஈரமிருந்தால் உருண்டையை வைப்பது, எப்போது விட்டுவிடுவது என்பது போன்ற சின்னச் சின்னப் பழக்கங்கள். அவற்றில் துளி மாறினாலும் புற்றின் உருவமே மாறக்கூடும். மூச்சு முட்டாத புற்றிலிருந்து கூடுதல் ஈசல் பறந்தால், அந்தப் பழக்கமும் அவற்றோடு பறக்கும். உள்ளே பயிராகும் டெர்மிடோமைசிஸ் பூஞ்சையும் சேர்ந்து மூச்சுவிடுவதால், காற்றுப் போக்குவரத்து இந்தக் கூட்டுக்குச் சாவு வாழ்வுப் பிரச்சினை.

தரங்கம்பாடியில் வாழ்ந்த கோனிக் இந்தப் பக்கத்துக் கறையான்களைப் பற்றி 1779-இல் எழுதி வெளியிட்டார். அதன்பின் எத்தனையோ பேர் அளந்தாயிற்று. ஆனால் நம் கைக்கு வருவதில் பெரும்பகுதி கட்டிமுடிந்த புற்றின் உயரமும் சுற்றளவும்தான். கட்டும்போது நடப்பது அதில் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உடைந்த இடம் அடைபடும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். நேரம், மண்ணின் ஈரம், நிழலா வெயிலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றுபோன புற்று, மழையில் இடிந்த புற்று பற்றிய குறிப்புகளும் வேண்டும். இரண்டு பக்கக் குறிப்பாக இருந்தாலும் வெளியிடுகிறோம்.