விசாவுக்கு முன்னால் நீச்சல்

2025 அக்டோபரில் நவிமும்பை விமான நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, கோபர்கைரனே, வாஷி பக்கத்துக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் இன்னும் கைக்கெட்டும் பேச்சாகிவிட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழ்ந்து, தாணே கழியைத் தாண்டி இங்கே வீடு வாங்கிய தமிழர்களும் கோடை விடுமுறைக்கு மாலத்தீவு, பாலி, புக்கெட், மொரீஷியஸ் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆயத்தத்திலும் குறை வைப்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் கெடு, மாலத்தீவுக்குப் புறப்படுமுன் 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டிய இணையப் படிவம், பாலியில் வெளிநாட்டுப் பயணி கட்ட வேண்டிய ஒன்றரை லட்சம் ருப்பையா, பெட்டிக்குள் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் என எல்லாம் தயார். போகிற இடம் நாலாபுறமும் கடல். ஆனால் வீட்டில் எத்தனை பேருக்குத் தண்ணீரில் மிதக்கத் தெரியும் என்ற கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. விசாவுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

2021-இல் மட்டும் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் சுற்றுலாப் பயணிகளின் மரணங்களில் கடலில் மூழ்குவது முதன்மையான காரணங்களில் ஒன்று. அதிலும் ஸ்நோர்க்கலிங் செய்யும்போது நேர்ந்தவை ஏராளம். ‘நாங்கள் இடுப்பளவுத் தண்ணீரில்தானே நிற்போம்’ என்று சமாதானம் சொல்கிறவர்கள் கடலை அறியாதவர்கள். கரையில் மோதிய அலைநீர் திரும்பிப் போக வழி தேடும்போது, குறுகிய ஒரு பாதையில் கடலை நோக்கி வேகமாக இழுத்தோடுகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால் பிடிமானத்தை உருவ அது போதும். வேதனை என்னவென்றால், அந்த இடம்தான் பார்க்க அமைதியாக இருக்கும். இரு பக்கமும் அலை வெண்ணுரையாக உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையின்றி, கொஞ்சம் கருத்தோ மணல் கலங்கியோ தெரியும். குழந்தையை அழைத்துப் போகிறவர் அதையே தேர்ந்தெடுப்பார். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கை காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து விலக வேண்டும். மிதக்கத் தெரியாதவருக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்?

எந்த மாதத்தில் எந்தக் கரை என்பதும் ஆயத்தத்தில் சேர்ந்ததே. மும்பைப் பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை. அதே மாதத்தில்தான் மாலத்தீவிலும், புக்கெட்டின் மேற்குக் கரையிலும், இலங்கையின் தென்மேற்கிலும் பருவக்காற்று திரும்பிக் கடல் குமுறத் தொடங்குகிறது. விலை மலிவாகக் கிடைக்கும் காரணமும் அதுவே. அப்போது இலங்கையின் கிழக்கே பாசிக்குடா அமைதியாக இருக்கும். பாலியில் சானூர்க் கரைக்குப் பவளத்திட்டு அரண். கூட்டாவில் அலை நேரே கரையை அடிக்கிறது. ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும், தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையும் உள்ள மொரீஷியஸ் நமக்கு நெருக்கமான நாடுதான். ஆனால் அதன் தெற்கே கிரி கிரியில் பவளத்திட்டு இல்லை, அங்கே குளிப்பது ஆபத்து. தண்ணீர்மேல் கட்டிய வில்லாவின் படத்தைப் பார்த்து முன்பதிவு செய்கிறோம்; அந்தப் படிக்கட்டு நேராகக் கடலில் இறங்குகிறது என்பதைக் குழந்தை உள்ள வீட்டார் யோசிக்க வேண்டாமா?

‘லைஃப் ஜாக்கெட் தருவார்களே’ என்பார்கள். படகில் தருவார்கள். கரையில் நின்று புகைப்படம் எடுக்கும்போது யாரும் அதை மாட்டிக்கொள்வதில்லை. பெரியவர் அளவு ஜாக்கெட்டிலிருந்து சிறுபிள்ளை நழுவிவிடும். அரைகுறை நீச்சல் அசட்டுத் துணிச்சலைத் தரும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதில் உண்மையும் உண்டு. குளத்தில் 25 மீட்டர் நீந்தியவர் கடலை வென்றவர் ஆகிவிடமாட்டார். ஆனாலும் வங்கதேசத்தில் கிராமப் பிள்ளைகளுக்கு மிதக்கவும், சிறிது தூரம் நீந்தவும், பிறரைக் காக்கவும் கற்றுக்கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தபோது, கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அது கடலுக்கான ஆய்வு அல்ல. இருந்தும், மூச்சடக்குவதும் மல்லாந்து மிதப்பதும் பதறாமல் இருப்பதும் எந்த நீரிலும் உயிர் காப்பவை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இவற்றைக் கற்றுத்தர உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

பெண்களும் முதியவர்களும் எப்படி நீச்சல் கற்பது என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. புடவையோடும் சுடிதாரோடும் அலையில் இறங்குவது அவர்களே. நனைந்த துணியின் கனத்தை முதலில் தாங்க வேண்டியவர்களும் அவர்களே. ஆகவே மகளிர் வகுப்பு அவசியம். தாதரில் மகாத்மா காந்தி நினைவு நீச்சல் குளம், செம்பூரில் ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளம் என்று மும்பை மாநகராட்சிக்குச் சொந்தக் குளங்கள் இருக்கின்றன. ஆனால் நகரமைப்புக் கழகமான சிட்கோ கட்டிய சிறு அறைகளும் வரிசை வீடுகளும் நிறைந்த கோபர்கைரனேயில் இருப்பவருக்கு, வசதியான சொசைட்டிகளின் மதிலுக்குள் இருக்கும் குளம் உதவாது. அருகிலிருக்கும் தாணே கழியின் சேற்றில் யாரும் நீச்சல் பழக முடியாது. சொத்து வரி வாங்கும் நவிமும்பை மாநகராட்சியிடம், ஒவ்வொரு பகுதியிலும் சாதாரணக் குடும்பம் கட்டக்கூடிய கட்டணத்தில் பயிற்சிக் குளம் வேண்டும் என்று தமிழ்ச் சங்கங்கள் மனுக் கொடுக்கலாம். அதுவரை, மே மாத டிக்கெட்டை ஜனவரியில் எடுக்கும் குடும்பம் அதே வாரத்தில் நீச்சல் வகுப்பிலும் பெயர் கொடுத்தால், புறப்படுமுன் நான்கு மாதம் கையில் இருக்கிறது.