பின்னணியில் என்ன சத்தம்?

"உங்க பின்னணியில ஏதோ சத்தம் கேக்குதே, கொஞ்சம் அமைதியான இடத்துக்குப் போக முடியுமா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இணையவழி நேர்முகத் தேர்வு ஒன்றின் நான்காவது நிமிடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது.

நான் உட்கார்ந்திருந்தது சென்னை கண்ணகி நகரில், மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில். வீடென்றால் ஒரே அறை. அடுப்பு, பீரோ, டிவி, அம்மா, தம்பி, நான் எல்லாம் அதற்குள்தான். தம்பியை வெளியே அனுப்பியிருந்தேன். டிவியை அணைத்து, இரைச்சல் போடும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தேன். கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, அழுக்குச் சுவர் தெரியாமலிருக்க அம்மாவின் புடவை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஒரே ஒரு சத்தத்தை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. கீழ்வீட்டு ஆயா அன்று காலையில் இறந்துபோயிருந்தார். வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோயில் திருவிழா சார், இப்ப முடிஞ்சிடும்" என்றேன்.

அம்மா வேலைக்குப் போன நாட்களில் எனக்குச் சோறு போட்டவர் அந்த ஆயா. அவருடைய சாவைத் திருவிழா என்று சொன்னேன். சாவு என்று சொல்லியிருந்தால் எதிரில் இருந்தவர் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லியிருப்பார். ஆனால் சாவு என்றால் பறை, பறை என்றால் எந்தத் தெரு, எந்தச் சனம் என்று தெரிந்துவிடுமே என்ற பயம் எனக்கு. கல்லூரியில் அம்பேத்கர் பிறந்தநாள் மேடையில் பறையடித்து ஆடியவள் நான். மேடையில் கையிலெடுத்த பறையை, வேலை என்று வந்ததும் கைகழுவினேன்.

அந்த வேலை கிடைக்கவில்லை. பறைச் சத்தத்தால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யாரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த 'போக முடியுமா' என்பதை அதற்குப் பிறகு விடவே முடியவில்லை. எங்கே போவது?

போய்ப் பார்த்தேன். நூலகத்தில் நல்ல அமைதி இருக்கிறது. யாரும் பேசக் கூடாது என்பதால்தான் அந்த அமைதி. நேர்முகத் தேர்வோ பேசுவதற்கான இடம். "இங்க பேசக் கூடாதும்மா" என்று நூலகர் சொன்னதில் தவறில்லை. நான் போன நேரத்தில் பூங்கா பூட்டியிருந்தது. டீக்கடையில் ஓர் ஆண் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் பேசலாம். ஒரு பெண் அப்படிப் பேசினால் கடையே திரும்பிப் பார்க்கும். அமெரிக்க நேரத்துக்காக இரவு ஒன்பது மணிக்கு வைக்கப்படும் தேர்வென்றால் அந்த யோசனையே வராது.

அம்மா வீட்டு வேலை செய்யும் அடுக்ககம் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று படுக்கையறை. இரண்டே பேர். பகலில் இருவரும் அலுவலகம் போய்விடுவார்கள். ஒரு மணி நேரம் மகள் அங்கே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "மொட்டைமாடிப் படிக்கட்டுல உக்காந்துக்கட்டும், வைஃபை போட்டுத் தர்றேன்" என்றார்கள். வைஃபை கடவுச்சொல்லைத் தந்தார்கள். அந்த அறைகளைப் பத்து ஆண்டுகளாகப் பெருக்கித் துடைக்கிறவர் என் அம்மா. அவற்றில் ஒன்றில் அவருடைய மகள் ஒரு மணி நேரம் உட்கார இடமில்லை.

கடைசியில் இடம் தந்தது சித்தப்பா மகன், ஆட்டோ ஓட்டும் அண்ணன். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய ஒரு முட்டுச்சந்தில் வண்டியை நிறுத்தி, இருபக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டு, தள்ளிப்போய் நின்றுகொண்டார். ஒருநாள் சவாரியில் பாதி போயிற்று. இன்று நான் பார்க்கும் வேலை அந்த ஆட்டோவில்தான் கிடைத்தது.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்ல நான் எழுதவில்லை. ஆட்டோ வைத்திருக்கும் அண்ணன் எல்லோருக்கும் இருப்பதில்லை.

கண்ணகி நகர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலை, அதாவது சென்னையின் தகவல் தொழில்நுட்பச் சாலை, எங்களுக்கு நடக்கும் தூரம். 2000ஆம் ஆண்டு தொடங்கி, நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடிசைகளை அகற்றி, இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அன்று இதைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனது. பெயர் மாறிவிட்டது, எங்கள் வீட்டில் அறை கூடவில்லை. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அங்கிருந்து வரும் மின்னஞ்சலில் 'அமைதியான, நல்ல வெளிச்சமுள்ள தனி அறையில் அமரவும்' என்று இருக்கும்.

அந்த ஒரு வரியை எழுதியவர் அதை நிபந்தனையாகவே நினைத்திருக்க மாட்டார். எல்லோர் வீட்டிலும் தனி அறை இருக்கும் என்ற நினைப்பில் எழுதியிருப்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 விழுக்காடு ஒற்றை அறையில் வாழ்கின்றன. அந்த ஒற்றை அறையும் எந்தத் தெருவில் இருக்கும், பக்கத்தில் என்ன சத்தம் கேட்கும் என்பதைத் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரிய பங்குண்டு. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்தபோதே காற்று, தண்ணீரைப் போல அமைதியும் பிரிக்கப்பட்டுவிட்டது.

ஏழைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த அறை வேண்டும். ஆனால் தன் தெருவின் சாவுச் சத்தத்தை மறைத்துப் பொய் சொல்ல வேண்டிய பயம் எல்லா ஏழைக்கும் இல்லை.

அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. தகுதி மட்டுமே முக்கியம், சாதி பார்ப்பதில்லை என்று சொன்ன அதே மேலாளர்கள், நேர்முகத் தேர்வில் 'குடும்பப் பின்னணி'யைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அன்று அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டியிருந்தது. இன்று கேமரா போட்டதும் பின்னணி தானே தெரிகிறது. ஒலிவாங்கி திறந்ததும் தானே கேட்கிறது.

அம்பேத்கர் மாணவராக இருந்தபோது பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் ஒற்றை அறையில் வாழ்ந்தார். மாலையிலேயே மகனைத் தூங்க வைத்து, அதிகாலை இரண்டு மணிக்குத் தந்தை எழுப்பிவிடுவார். ஊர் அடங்கிய அந்த நேரத்தில்தான் அவர் படித்தார். பின்னாளில் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது புத்தகங்களுக்குத்தான் முதலிடம் கொடுத்தார். நாம் இந்தக் கதையை அவருடைய உழைப்புக்குச் சான்றாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு மாணவனுக்கு அமைதி வேண்டுமானால் தூக்கத்தை விற்று வாங்க வேண்டியிருந்தது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. நேர்முகத் தேர்வை அப்படி அதிகாலை இரண்டு மணிக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

இணையவழித் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சமாவது உண்மை. நிறுவனங்கள் இரண்டு காரியம் செய்யட்டும். பின்னணியையும் சத்தத்தையும் வைத்து மதிப்பெண் போடுவதில்லை என்று எழுத்தில் அறிவிக்கட்டும். கேட்பவர்களுக்குத் தங்கள் அலுவலகத்திலேயே ஓர் அறை தரட்டும். அரசு 2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தது. வேலை செய்யவும் படிக்கவும் இடம் தரும் நல்ல முயற்சி. அப்படியொன்று கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் வேண்டும். ஒவ்வொரு நூலகத்திலும் கதவை மூடிக்கொண்டு பேசும்படி ஒரு சின்ன அறை வேண்டும்.

இப்போது நானும் சில நேரம் தேர்வுக் குழுவில் உட்காருகிறேன். போன மாதம் ஒரு தம்பி பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் குழாயடிச் சண்டை. அவர் முகம் வெளிறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். "சத்தம் இருக்கட்டும் தம்பி, நீங்க சொல்றது நல்லா கேக்குது, சொல்லுங்க" என்றேன். ஆயாவுக்கு நான் பட்ட கடனில் கொஞ்சம் அடைந்தது.

தோழர்களே, நம் கையிலும் இடம் இருக்கிறது. ஊருக்கு ஊர் அம்பேத்கர் மன்றங்களும் பெரியார் படிப்பகங்களும் இருக்கின்றன. நான் பார்த்த பல மன்றங்கள் பகலெல்லாம் பூட்டியே கிடக்கின்றன. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு இணைய இணைப்பு, மூடினால் மூடும் ஒரு கதவு போதும். பகலில் சாவி யாரிடம் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி அந்தக் கதவில் ஒட்டி வையுங்கள். பெண்களும் தயங்காமல் போய்க் கேட்கக்கூடிய ஒருவரிடம் அது இருக்கட்டும்.