பெயர் புதிது, மரக்கால் பழையது

தஞ்சைப் பண்ணைகளில் இரண்டு மரக்கால் இருந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குத்தகை நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால். கூலி நெல்லை அளந்து போடும்போது வேறொரு மரக்கால். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். பெயர் ஒன்றாக இருந்ததால்தான் திருட்டு நடந்தது. கூலிக்காரன் மரக்காலின் பெயரைக் கேட்டான்; அதன் அடியில் எவ்வளவு கனத்துக்குக் கட்டை இருக்கிறது என்று பார்க்க அவனுக்கு உரிமை இல்லை. அந்தக் கள்ள மரக்காலை ஒழிக்கச் சங்கம் கட்டிப் போராட வேண்டியிருந்தது.

இன்று நகரத்து ஆபீசுகளில் புதிய மரக்கால்கள் தயாராகின்றன. செய்கிறவருக்கு ஏ.ஐ. ஆலோசகர் என்று பெயர். அவர் செய்யும் சரக்குக்கு ‘பிரேம்வொர்க்’ என்று பெயர். தமிழில் சட்டம் என்று சொல்லலாம். படத்தைச் சுற்றிப் போடுகிறோமே, அந்தச் சட்டம்தான். உள்ளே படம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது!

இது எப்படித் தயாராகிறது? முதலில் நிலைமையைப் பார், பிறகு திட்டம் போடு, சிறிய அளவில் சோதித்துப் பார், பலித்தால் பெருக்கு. இவ்வளவுதான் விஷயம். விதை நெல்லைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் பதரை நீக்கி, ஒரு பிடியை முளைகட்டிப் பார்த்துவிட்டு நாற்றங்காலில் இறங்கும் விவசாயிக்கு இது தெரியாதா? ஆனால் அவன் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆலோசகர் வைக்கிறார். நாலு சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து ஒரு இங்கிலீஷ் வார்த்தை வருகிற மாதிரி அமைக்கிறார். நாலு கட்டமோ, மூன்று வட்டமோ, ஐந்து படி ஏணியோ வரைகிறார். பெயரின் தோளில் ஒரு சிறு வியாபார முத்திரை. அப்புறம் ஒரு புத்தகம், ஒரு பயிற்சி வகுப்பு, வகுப்பு முடித்தவருக்கு ஒரு சான்றிதழ். ஆறு மாதத்துக்கு முன்னால் வேறு ஏதோ விற்றுக்கொண்டிருந்தவர் இப்போது மேதை.

பெயரில் ஏன் இவ்வளவு அக்கறை? சட்டத்தைப் பார்த்தால் புரியும். இந்தியாவின் 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், இன்றுள்ள வடிவில், வியாபார முறைக்கும் கணித முறைக்கும் காப்புரிமை கிடையாது என்று 3-வது பிரிவில் சொல்கிறது. கருத்து பொதுச் சொத்து. ஆனால் 1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி பெயரைப் பதிவு செய்து கொள்ளலாம். ஆக, ஆலோசகர் கையில் வேலி போடக்கூடிய நிலம் ஒன்றே ஒன்று, பெயர்! ஊர்ப் பொதுக் கிணற்றுக்குப் பெயர்ப் பலகை மாட்டி, பலகைக்கு வாடகை வாங்குகிற தொழில் இது.

இது புதிய தந்திரமும் அல்ல. 1910-ல் அமெரிக்காவில் ரயில்வே கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தை உயர்த்தக் கேட்டன. எதிர்த்து வாதாடிய வக்கீல் பிராண்டைஸ், வேலை முறையை மாற்றினாலே போதும், கட்டண உயர்வு வேண்டாம் என்று நிரூபிக்க விரும்பினார். பிரெடரிக் டெய்லர் என்ற ஆலோசக எஞ்சினீயரின் முறை அதற்கு உதவும். ஆனால் அதற்கு எடுப்பான பெயர் இல்லை. வக்கீலும் சில எஞ்சினீயர்களும் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து பெயர் தேடினார்கள். பல பெயர்களைப் பார்த்து, கடைசியில் ‘விஞ்ஞான நிர்வாகம்’ என்று முடிவு செய்தார்கள். விஞ்ஞானம் என்ற பட்டம் பரிசோதனைச் சாலையிலிருந்து வரவில்லை, தோழர்களே! ஒரு வழக்கில் ஜெயிப்பதற்காகச் சூட்டிய பட்டம் அது.

மறு வருஷமே டெய்லர் அந்தப் பெயரில் புத்தகம் போட்டார். பெத்லஹேம் உருக்காலையில் நாளொன்றுக்கு 12½ டன் இரும்புப் பாளம் சுமந்தவனைத் தமது முறையால் 47 டன் சுமக்க வைத்ததாக எழுதினார். கூலி 1.15 டாலர் 1.85 டாலர் ஆயிற்றாம். பளு கிட்டத்தட்ட நாலு பங்கு. கூலி ஒன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் மேல். இதுதான் அவர் பெருமையாகச் சொன்ன கணக்கு! 1974-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டபோது, அந்தக் கதையிலேயே பெரும் பகுதி ஜோடனை என்று தெரிந்தது. ஆனால் என்ன? அதற்குள் உலகமெங்கும் முதலாளிகள் அந்தப் பெயரைச் சொல்லி அறுபது வருஷம் வேலை வாங்கிவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் சார்லஸ் பெடோ. இவர் இன்னும் சாமர்த்தியசாலி. தமது பெயரின் முதல் எழுத்தையே அளவுகோலாக்கிவிட்டார். ஒரு நிமிஷ உழைப்புக்கு ஒரு ‘பி’. மணிக்கு 60 ‘பி’ எடுக்க வேண்டும். ஒரு ‘பி’யில் கொஞ்சம் உழைப்பு, கொஞ்சம் ஓய்வு. எவ்வளவு உழைப்பு, எவ்வளவு ஓய்வு? அந்தச் சூத்திரம் கம்பெனி ரகசியம்! அறுபதுக்கு மேல் எடுத்தால் போனஸ் உண்டு. ஆனால் அதில் முக்கால் பங்குதான் உழைத்தவனுக்கு. கால் பங்கு மேஸ்திரிக்கும் மேலதிகாரிக்கும். கட்டை வைத்த மரக்கால் இதுதான் அல்லவா? 1931 டிசம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பின்னலாடை ஆலைப் பெண்கள் இந்த முறையை எதிர்த்து வேலையை நிறுத்தி, வாரக் கணக்கில் வெளியே நின்றார்கள். பெடோவோ பிரான்சில் ஒரு கோட்டையில் வாழ்ந்தார். முடி துறந்த இங்கிலாந்து மன்னர் 1937-ல் கலியாணம் செய்துகொண்டது அந்தக் கோட்டையில்தான்.

நம் நாட்டுப் பஞ்சாலைகளும் தப்பவில்லை. பம்பாயில் ‘திறமைத் திட்டம்’ என்ற பெயரில் ஒரு சைடு பார்த்த நூற்பாளியை இரண்டு சைடும், இரண்டு தறி ஓட்டிய நெசவாளியை மூன்று தறியும் பார்க்கச் சொன்னார்கள். 1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். திறமையை வேண்டாம் என்று யார் சொன்னது? யாருடைய திறமை, யாருடைய லாபம் என்பதுதான் அன்றைய சண்டை.

1993-ல் ஹாமர், சாம்பி என்ற இருவர் ‘ரீஎஞ்சினியரிங்’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அமெரிக்கக் கம்பெனிகள் ஆட்களை வெளியே தள்ளின. மூன்று வருஷம் கழித்து, மனிதர்களைப் பற்றிப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று ஹாமரே ஒப்புக்கொண்டார். வேலை போனவனுக்கு அந்த ஒப்புதலால் ஒரு வேளைக் கஞ்சி கூட வரவில்லை.

இன்றைய ஏ.ஐ. ஆலோசகர்களின் லட்சணம் என்ன? ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். வேலையில்லாதோருக்குத் தரும் உதவித் தொகையை, விதி மீறினார்கள் என்று சொல்லி நிறுத்தும் ஏற்பாடு ஒன்று அங்கே உண்டு. அதன் பெயரிலேயே ‘பிரேம்வொர்க்’ என்ற சொல் இருக்கிறது! அதைப் பரிசீலிக்க அரசாங்கம் டெலாய்ட் கம்பெனியுடன் செய்த ஒப்பந்தம் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர். 2025-ல் அறிக்கை வெளியாயிற்று. ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் அதைக் கவனமாகப் படித்தார். ஆதாரமாகக் காட்டிய சில எழுத்துக்கள் உலகத்திலேயே இல்லை. நீதிமன்றத் தீர்ப்பில் உள்ளதாகப் போட்ட வாசகம் தீர்ப்பில் இல்லை. ஏ.ஐ. யந்திரத்தை உபயோகித்தோம் என்ற விஷயம் திருத்திய பதிப்பில்தான் வந்தது. அக்டோபரில் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். பரிந்துரைகள் மட்டும் மாறவில்லையாம்! ஆதாரம் பொய்யானாலும் முடிவு மாறாது என்றால், முடிவு முதலிலேயே தயாராக இருந்ததா என்று நாம் கேட்க மாட்டோமா?

“பெயர் வைப்பது குற்றமா? நினைவில் நிற்க உதவுகிறதே” என்று ஆலோசகர்கள் சொல்வார்கள். குற்றமில்லை. வைத்தியர் நோய்க்குப் பெயர் வைக்கிறார். அடுத்த வைத்தியர் அதைச் சோதித்துப் பார்க்கலாம். தொழில் தெரிந்த, நாணயமான ஆலோசகர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. யந்திரத்தின் மேலும் நமக்குப் பகை இல்லை. ஆனால் பெயர் யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள். முதலாளி முப்பது பேரை நீக்க விரும்புகிறார். “நான் நீக்குகிறேன்” என்று சொன்னால் வாயிலில் கூட்டம் கூடும். “உங்கள் வேலை மூன்றாவது படியில் இருக்கிறது, பிரேம்வொர்க் அப்படிச் சொல்கிறது” என்றால்? யாரோடு சண்டை போடுவது? ஏணியோடா? ஆலோசகருக்கு முதலாளி கொடுக்கும் கூலி இந்தக் கேடயத்துக்காகத்தான்.

நமது தோழர்கள் சிலரும் படத்தைக் கண்டு வாயடைத்துப் போகிறார்கள். “படித்தவர்கள் சொல்கிறார்கள்” என்கிறார்கள். மணிக்கு எத்தனை முறை நூல் அறுகிறது, பஞ்சு மட்டமானால் எத்தனை முறை அறுகிறது என்பது சைடில் நிற்கிறவனுக்குத் தெரியுமா, படம் வரைந்தவருக்குத் தெரியுமா? ஆகவே படத்தை விட்டுவிட்டுக் கணக்கைக் கேளுங்கள். எந்த ஆலையில், எத்தனை நாள், எந்த ஷிப்டில் அளந்தார்கள்? பதிலியையும் சேர்த்து அளந்தார்களா? எத்தனை பேர் குறைவார்கள்? தப்பாக முடிந்தால் ஆலோசகர் பணத்தைத் திருப்பித் தருவாரா?

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. ஆட்குறைப்புக்கு இடம் தரக்கூடிய யந்திர மாற்றத்தையோ முறை மாற்றத்தையோ முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாள் ஆவதற்குள் செய்யக் கூடாது என்று 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பு தொழிலாளியிடமிருந்து பறித்தது நிறைய. ஆனாலும் இந்த விதி அதன் 40-வது பிரிவில் இருக்கிறது. உங்கள் ஆலைக்குப் படமும் கையுமாக ஒருவர் வந்தால், அன்றைக்கே சங்கத்தின் பெயரில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். மேலே உள்ள கேள்விகளைச் சேர்த்து, முன்னறிவிப்பு எங்கே என்று கேளுங்கள். ஒரு நகலைத் தொழிலாளர் துறை அதிகாரிக்கும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.